சின்னத்திரை காட்டும் அமெரிக்கா: பிரிட்டன் மக்கள் அறிந்ததும் அறியாததும்

நீதிமன்றம் என்றதும் பிரிட்டனில் உள்ள பலருக்கும் நினைவுக்கு வருவது நீதிபதியின் கையில் இருக்கும் மரச்சுத்தியல்தான். கூச்சல் எழுந்தால் அவர் அதை மேசையில் தட்டி, 'அமைதி, அமைதி' என்பார். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியல் பயன்படுத்துவதே இல்லை. அது அமெரிக்க வழக்கம். பிரிட்டன் மக்கள் அதை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களிலும் திரைப்படங்களிலும் பார்த்துப் பார்த்து, தங்கள் ஊர் நீதிமன்றத்திலும் அப்படித்தான் நடக்கும் என்று எண்ணிக் கொண்டார்கள்.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் சொந்த நாட்டு நீதிமன்றத்தைப் பற்றிய எண்ணத்தையே அயல்நாட்டுத் தொடர் ஒன்றால் மாற்ற முடியும் என்றால், அந்த அயல்நாட்டைப் பற்றிய எண்ணத்தில் அதன் பங்கு எவ்வளவு இருக்கும்? பிரிட்டன் மக்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் அல்லர். சென்று வந்தவர்களிலும் பலர் நியூயார்க்கையும் ஃபுளோரிடாவையும் சில நாள்கள் சுற்றிப் பார்த்தவர்கள்தாம். ஆயினும் அமெரிக்காவைப் பற்றிக் கேட்டால் எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

எப்படி நுழைந்தது?

பிரிட்டனில் பிபிசி 1936-இல் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. விளம்பர வருமானத்தில் இயங்கும் ஐடிவி 1955 செப்டம்பரில் வந்தது. அது வந்தவுடனேயே 'ஐ லவ் லூசி', 'டிராக்நெட்' போன்ற அமெரிக்கத் தொடர்களும் வந்துவிட்டன. காரணம் எளிமையானது. ஒரு மணி நேர நாடகத்தைச் சொந்தமாக எடுப்பதைவிட, அமெரிக்காவில் ஏற்கெனவே எடுத்து லாபமும் பார்த்துவிட்ட ஒன்றை வாங்கிப் போடுவது மிகவும் மலிவு.

இரண்டாவது காரணம் மொழி. ஜெர்மனியிலோ இத்தாலியிலோ ஓர் அமெரிக்கத் தொடர் வந்தால் அதற்கு உள்ளூர்க் குரல் கொடுப்பார்கள். உதட்டசைவுக்கும் குரலுக்கும் உள்ள சிறு பொருத்தமின்மை, 'இது வெளிநாட்டுச் சரக்கு' என்று பார்ப்பவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும். பிரிட்டனில் அந்தத் தடுப்பு இல்லை. அதே ஆங்கிலம் நேராக வரவேற்பறைக்குள் வந்து அமர்ந்துகொண்டது. பேச்சு புரிந்ததால் நாடும் புரிந்துவிட்டது என்ற எண்ணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதன் உச்சம் 'டாலஸ்'. டெக்சாஸின் எண்ணெய்ப் பணக்காரக் குடும்பம் ஒன்றின் கதை அது. அதில் ஜே.ஆர். என்ற பாத்திரத்தைச் சுட்டது யார் என்ற புதிருக்கு 1980 நவம்பரில் விடை வந்தபோது, பிபிசியில் அதைப் பார்த்தவர்கள் 2 கோடிக்கும் மேல். அப்போது பிரிட்டனின் மொத்த மக்கள்தொகையே 5.6 கோடிதான். டெக்சாஸ் என்றால் எண்ணெய், பெரிய தொப்பி, பெரிய பணம், குடும்பச் சூழ்ச்சி என்ற படம் ஒரு தலைமுறையின் மனத்தில் அப்படித்தான் பதிந்தது.

எந்த அமெரிக்கா வருகிறது?

தொலைக்காட்சி பொய் சொல்கிறது என்று சொல்ல வரவில்லை. அது பொறுக்கி எடுத்துக் காட்டுகிறது என்பதே நாம் சொல்ல வருவது.

'ஃபிரண்ட்ஸ்' தொடர் 1994 முதல் 2004 வரை பத்து ஆண்டுகள் ஓடியது. பிரிட்டனில் அதன் மறு ஒளிபரப்புகளுக்குக் கணக்கே இல்லை. மன்ஹாட்டனில் பெரிய குடியிருப்பில் வாழும் ஆறு நண்பர்கள். வேலை பார்ப்பதைவிடக் காப்பிக் கடையில் அமர்ந்திருப்பதே அதிகம். அந்தத் தொடர் உண்மையில் படமாக்கப்பட்டது நியூயார்க்கிலிருந்து ஒரு கண்டத்தையே கடந்து செல்ல வேண்டிய கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரப் படப்பிடிப்புத் தளத்தில்.

2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 33 கோடிப் பேர் வாழ்கிறார்கள். நியூயார்க் நகரில் வாழ்பவர்கள் சுமார் 88 லட்சம். அதாவது நூற்றில் மூன்று பேருக்கும் குறைவு. ஆனால் பிரிட்டன் பார்க்கும் அமெரிக்கத் தொடர்களில் பெரும்பகுதி நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் வாஷிங்டனிலும் நடக்கிறது. அயோவாவின் சோள விவசாயி, ஒஹையோவின் மூடப்பட்ட தொழிற்சாலையில் வேலை இழந்தவர், அலபாமாவில் ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் கறுப்பினக் குடும்பம் ஆகியோர் அபூர்வமாகவே வருகிறார்கள்.

ஒரே தொடர் இரு நாடுகளில் இரு விதமாகத் தெரிந்த கதையும் உண்டு. கொரியப் போரின்போது ஒரு ராணுவ மருத்துவமனையில் நடப்பதைச் சொன்னது 'மேஷ்' தொடர். அமெரிக்காவில் அதற்குப் பின்னணியில் சிரிப்பொலி சேர்க்கப்பட்டிருந்தது. பிபிசி அந்தச் சிரிப்பொலியை நீக்கிவிட்டு ஒளிபரப்பியது. அதனால் அமெரிக்கர்களுக்கு நகைச்சுவைத் தொடராக வந்தது, பிரிட்டன் மக்களுக்குப் போரின் கசப்பைச் சொல்லும் நாடகமாகவே மனத்தில் நின்றது. ஒரு சத்தத்தை எடுத்தாலே இவ்வளவு மாறும் என்றால், எதை வாங்குவது, எதை விடுவது என்ற முடிவுகளால் எவ்வளவு மாறும் என்று எண்ணிப் பாருங்கள்.

மருத்துவமனையில் வராத ரசீது

பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் தேசிய சுகாதார சேவை இயங்குகிறது. மருத்துவமனைக்குப் போனால் கட்டணம் கேட்க மாட்டார்கள். சிகாகோ மருத்துவமனை ஒன்றில் நடப்பதாகக் காட்டிய 'ஈ.ஆர்.' போன்ற தொடர்களைப் பார்த்த பிரிட்டன் மக்களுக்கு, அங்கும் ஓடிவந்து உயிர்காக்கும் மருத்துவர்களே கண்ணில் பட்டார்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குத் தபாலில் வரும் ரசீது கதையில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

பிறகு வந்த 'பிரேக்கிங் பேட்' இதற்கு நேர்மாறான படத்தைத் தந்தது. புற்றுநோய் வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் பணத்துக்காகப் போதைப்பொருள் தயாரிக்கிறார். இதைப் பார்த்தவர்கள், 'அமெரிக்காவில் நோய் வந்தால் எல்லோர் கதியும் இதுதான்' என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறார்கள்.

உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 65 வயது தாண்டியவர்களுக்கு 'மெடிகேர்', வறியவர்களுக்கு 'மெடிகெய்ட்' என்ற அரசுத் திட்டங்கள் 1965 முதல் உள்ளன. வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நிறுவனம் வழியே காப்பீடு கிடைக்கிறது. அப்படியிருந்தும் சுமார் இரண்டரைக் கோடிப் பேருக்கு எந்தக் காப்பீடும் இல்லை. காப்பீடு உள்ளவர்களும் ஒரு பகுதியைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. இந்தச் சிக்கலான உண்மையை ஒரு மணி நேர நாடகத்தில் அடக்குவது கடினம்.

எல்லாம் வல்ல அதிபர்

அரசியலில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. 1999 முதல் 2006 வரை வந்த 'தி வெஸ்ட் விங்' வெள்ளை மாளிகையின் உள்ளே நடப்பதைக் காட்டியது. பிரிட்டனின் அரசியல் வட்டாரத்தில் அதற்கு ரசிகர்கள் ஏராளம். படித்த, நேர்மையான, சொல்வன்மை மிக்க அதிபர். அவரைச் சுற்றி நடந்துகொண்டே வேகமாகப் பேசும் ஆலோசகர்கள். பார்ப்பவருக்கு மனத்தில் தங்குவது, அதிபரின் அறையில்தான் அமெரிக்கா இயங்குகிறது என்ற எண்ணம்.

பிரிட்டனின் நடைமுறையும் இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கிறது. அங்கே பெரும்பான்மை உள்ள பிரதமர் ஒரு சட்டம் வேண்டும் என்றால் நிறைவேற்றிவிட முடியும். 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் ஒருவன் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டே கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன.

2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபோது, பிரிட்டன் தொலைக்காட்சிகள் அந்தத் துயரத்தை நாள் முழுவதும் காட்டின. கண்ணீர் விட்ட அதிபர் ஒபாமாவையும் காட்டின. ஆனால் 2013 ஏப்ரலில் நடந்தது பலருக்குத் தெரியாமலே போனது. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் விதியை விரிவாக்கும் திருத்தத்துக்கு அமெரிக்க மேலவையில் 54 பேர் ஆதரவு தந்தார்கள்; 46 பேர் எதிர்த்தார்கள். பெரும்பான்மை இருந்தும் அது தோற்றது. முன்னே செல்ல 60 வாக்குகள் தேவைப்பட்டதே காரணம். 6 லட்சத்துக்கும் குறைவானோர் வாழும் மாநிலமாயினும், 4 கோடிப் பேர் வாழும் மாநிலமாயினும், மேலவையில் ஆளுக்கு இரண்டு இடங்கள்தாம் என்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது.

இதை அறியாதவர், 'அமெரிக்கர்களுக்குக் குழந்தைகளைவிடத் துப்பாக்கி பெரிது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அறிந்தவர், மக்களின் விருப்பத்துக்கும் சட்டத்துக்கும் இடையே எத்தனை படிகள் உள்ளன என்று பார்ப்பார். முதலாமவர் ஒரு மக்கள் கூட்டத்தையே வெறுக்கத் தொடங்குகிறார். இரண்டாமவர் ஓர் அமைப்பைப் புரிந்துகொள்கிறார்.

2016 அதிபர் தேர்தலும் அப்படியே. ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் சுமார் 29 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றார். ஆனால் மாநிலவாரியாகத் தேர்வாளர்களை எண்ணும் முறையில், டொனால்டு டிரம்ப் 304–227 என்று வென்றார். நாடளாவிய கருத்துக்கணிப்பை மட்டுமே பார்த்திருந்தவர்களுக்கு அது பேரதிர்ச்சி.

செய்தியின் வேலி

நாடகம் போகட்டும், செய்தி சரியாக இருக்குமே என்று கேட்கலாம். அங்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிரிட்டனில் தொலைக்காட்சிச் செய்தி நடுநிலையோடு இருக்க வேண்டும் என்பது விதி. 'ஆஃப்காம்' என்ற அமைப்பு அதைக் கண்காணிக்கிறது. அமெரிக்காவிலும் இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்றொரு விதி 1949 முதல் இருந்தது. 1987-இல் அது கைவிடப்பட்டது. அதன் பிறகு வானொலியிலும், பின்னர் கேபிள் சேனல்களிலும் ஒரு தரப்பை மட்டுமே பேசும் நிகழ்ச்சிகள் பெருகின.

பிரிட்டனில் ஃபாக்ஸ் நியூஸ் சேனலைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. 2017 ஆகஸ்டில் அதன் உரிமையாளர்களே அங்கு ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டார்கள். அதன் இரு நிகழ்ச்சிகள் நடுநிலை விதியை மீறியதாக அதே ஆண்டு நவம்பரில் ஆஃப்காம் அறிவித்தது. விதி நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவு ஒன்றையும் நாம் கவனிக்க வேண்டும். கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் இரவுதோறும் எதைக் கேட்டு எதை நம்புகிறார்கள் என்பது பிரிட்டன் மக்களுக்கு எட்டுவதில்லை. வாஷிங்டனிலிருந்து பிரிட்டன் செய்தியாளர் தரும் சுருக்கம் மட்டுமே எட்டுகிறது.

டிரம்பையே எடுத்துக்கொள்வோம். 2004 முதல் 2015 வரை 'தி அப்ரென்டிஸ்' நிகழ்ச்சியில் நாற்காலியில் அமர்ந்து முடிவெடுக்கும் முதலாளியாக அமெரிக்கர்கள் அவரை வாராவாரம் பார்த்தார்கள். பிரிட்டனுக்கு அந்த நிகழ்ச்சியின் சொந்தப் பதிப்பு இருந்தது. அதில் முதலாளி ஆலன் சுகர். எனவே ஒரே மனிதரைப் பற்றி இரு நாட்டவர்களின் மனத்திலும் இருந்த படம் ஒன்றல்ல. வேடிக்கை என்னவென்றால், டிரம்பை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டு சேர்த்த அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் மார்க் பர்னெட், லண்டனில் பிறந்தவர்.

அதிபரின் முகத்தோடு நாட்டையே இணைத்துப் பார்க்கும் பழக்கத்துக்குப் பியூ ஆய்வு மையத்தின் கணிப்புகள் சான்று. உலக விவகாரங்களில் அமெரிக்க அதிபரை நம்புவதாகச் சொன்ன பிரிட்டன் மக்கள், ஒபாமாவின் இறுதிக் காலத்தில் 79 சதவீதம். 2017-இல், டிரம்ப் வந்த சில மாதங்களில், அது 22 சதவீதம்.

நம்மைப் பற்றிய படம்

இந்த விஷயம் முஸ்லிம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு. 2001-இல் தொடங்கிய '24', 2011-இல் தொடங்கிய 'ஹோம்லேண்ட்' ஆகிய இரண்டும் பிரிட்டனில் பெரிதும் பார்க்கப்பட்டன. 'ஹோம்லேண்ட்' தொடரின் முக்கிய நடிகரான டேமியன் லூயிஸ் பிரிட்டனைச் சேர்ந்தவர். இரண்டிலும் முஸ்லிம் பாத்திரங்கள் பெரும்பாலும் குண்டு, சதி, சந்தேகம் ஆகியவற்றோடு சேர்ந்தே வந்தன.

'24' தொடரில் கைதியைச் சித்திரவதை செய்தால் உடனே உண்மை வெளிவரும். இதைக் கண்டு கவலைப்பட்டவர்களில் அமெரிக்க ராணுவத்தினரும் இருந்தார்கள். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் கல்விப் பொறுப்பாளரான பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபினகன், 2006-இல் தொடரை எடுப்பவர்களை நேரில் சந்தித்தார். தம் மாணவர்கள் சித்திரவதையைச் சரியென்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்று முறையிட்டார். பயிற்சி பெறும் ராணுவ மாணவரே தடுமாறினார் என்றால், வீட்டில் அமர்ந்து பார்ப்பவரின் நிலை என்ன?

2015-இல் 'ஹோம்லேண்ட்' படப்பிடிப்புக்காக அகதி முகாம் போன்ற அரங்கு ஒன்று பெர்லினில் அமைக்கப்பட்டது. சுவர்களில் அரபியில் எழுதச் சில ஓவியர்களை அமர்த்தினார்கள். அவர்களோ, 'ஹோம்லேண்ட் ஓர் இனவெறித் தொடர்' என்ற பொருள்படும் வாசகங்களை எழுதி வைத்தார்கள். அப்படியே அது ஒளிபரப்பாகியும் விட்டது. அரபு உலகத்தைப் பற்றித் தொடர் எடுப்பவர்களில் சுவரில் உள்ளதைப் படித்துப் பார்க்க ஒருவரும் இல்லை என்பதை உலகம் அன்று அறிந்துகொண்டது.

இதே காலத்தில்தான் கீத் எலிசன், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் முஸ்லிம் ஆனார். 2007 ஜனவரியில், முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் வைத்திருந்த குர்ஆன் பிரதியின் மீது கைவைத்து உறுதிமொழி எடுத்தார். 2018 தேர்தலில் இல்ஹான் உமர், ரஷீதா தலைப் என்ற இரு பெண்கள் வென்றார்கள். மருத்துவர்களாக, ஆசிரியர்களாக, டாக்சி ஓட்டுநர்களாக லட்சக்கணக்கான முஸ்லிம்கள் அங்கே வாழ்கிறார்கள். அந்த வாழ்க்கையில் வெடிக்க எதுவும் இல்லாததால் தொடருக்கு அது தேவைப்படவில்லை.

பார்ப்பவர் அத்தனை ஏமாளியா?

முழுப் பழியையும் தொலைக்காட்சி மீது போடுவதும் நியாயமாகாது. அதிகம் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிட ஆபத்தானதாக எண்ணுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் சொன்னார். ஆனால் தமார் லீபஸ், எலிஹு காட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 'டாலஸ்' தொடரைப் பல சமூகத்தவர்களோடு அமர்ந்து பார்த்தபோது, ஒவ்வொரு குழுவும் தன் வாழ்க்கையை வைத்தே அதைப் புரிந்துகொண்டது தெரிந்தது. பிரிட்டனிலும் வானொலி அறிவிப்பாளர் டெர்ரி வோகன் 'டாலஸ்' தொடரைக் காலைதோறும் கிண்டல் செய்தார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே அதைப் பார்த்தார்கள்.

நல்ல முன்மாதிரிகளும் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அலிஸ்டர் குக், 1946 முதல் 2004 வரை 58 ஆண்டுகள் பிபிசி வானொலியில் வாரந்தோறும் அமெரிக்காவைப் பற்றிப் பேசினார். 1972-இல் 13 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி வரலாற்றுத் தொடரையும் வழங்கினார். அவசரமில்லாமல், ஊர் ஊராகப் போய், சாதாரண மனிதரின் வாழ்விலிருந்து தொடங்குவது அவர் பாணி.

வேறு அறிமுகம் எதுவும் இல்லாத இடத்தில்தான் தொலைக்காட்சியின் பிடி இறுகுகிறது. அங்கே உறவினர் இருந்தால், ஒரு நண்பர் இருந்தால், படம் தானாகத் திருந்திவிடும்.

திருப்பி அடிக்கும் அலை

தவறான படம் பிறரைப் பற்றியதோடு நிற்பதில்லை. 2009 ஆகஸ்டில், அன்று எதிர்க்கட்சியில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் கிறிஸ் கிரேலிங், பிரிட்டன் நகரங்களின் சில பகுதிகள் 'தி வயர்' தொடரில் வரும் பால்டிமோர் போல ஆகிவிட்டன என்று பேசினார். மான்செஸ்டரின் மாஸ் சைட் பகுதியையும் சுட்டினார். அந்தக் காலத்தில் 6 லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் பால்டிமோரில் ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. 5 கோடிக்கும் அதிகமானோர் வாழும் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமே ஆண்டுக்கு 600 சொச்சம்தான். ஒரு தொடரை அளவுகோலாக வைத்ததால், ஏழைகள் வாழும் ஒரு பகுதிக்குத் தீராத கெட்ட பெயர் கிடைத்தது.

நம் வீடுகளுக்கும் இதில் பாடம் இருக்கிறது. லண்டனிலோ நியூஜெர்சியிலோ பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த நாடுகளைப் பற்றி நாம் பேசும்போதும், அங்குள்ளவர்கள் நம்மைப் பற்றிப் பேசும்போதும், பாதிப் பேச்சு திரையில் பார்த்ததுதான். எனவே பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு தொடரைப் பார்க்கும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். இது எந்த ஊர்? இதை எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார்? இந்தக் கதையில் வராதவர்கள் யார்? அங்கே வாழும் ஒருவரிடம் கேட்டால் என்ன சொல்வார்?

நம்மைப் பற்றி ஒரு தொடரை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள் என்று உலகத்திடம் நாம் கேட்கிறோம். அதே நியாயத்தை அயோவாவின் விவசாயிக்கும் பால்டிமோரின் தாய்க்கும் நாமும் தர வேண்டும்.